கனிசியஸின் சலத்தில் கடல்

குணலட்சுமி கொண்டையில் செருகியிருந்ததைக் கொண்டை ஊசி என்றுதான் ஊர் நினைத்தது. அது ஊசியில்லை. நுனியில் கடுகளவு வளையம் வைத்த ஒரு கம்பி. அந்த வளையத்தைச் சலத்தில், அதுதான் சிறுநீரில், தோய்த்து, கூழ் உறைந்த கண்ணாடித் தட்டில் இழுத்துக் கோடு போட்டால், சலத்துக்குள் ஒளிந்திருக்கிற கிருமி மறுநாள் தட்டிலே புள்ளி புள்ளியாய் முளைத்து நிற்கும். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பை விட்டுக் கப்பலேறி, காங்கேசன்துறையில் வந்து இறங்கிய சனத்தில் சிலர் தாலிக்கொடியைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். சிலர் காணி உறுதியைக் காப்பாற்றினார்கள். குணலட்சுமி காப்பாற்றிக்கொண்டு வந்தது அந்தக் கம்பியை மட்டும்தான். கப்பலில் பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி அதை வாங்கித் தலை சொறிந்தாள் என்று ஒரு கதை உண்டு. குணலட்சுமி அதை மறுப்பாள். நான் கைவிடுவதாயில்லை.

அவள் உரும்பிராய்க்காரி. தகப்பன் நமசிவாயம் செம்மண்ணிலே வெங்காயமும் மரவள்ளியும் வைத்தவர். மகள் கொழும்பில் ஆய்வுகூட வேலை படிக்கிறாள் என்று அவர் பெருமையாகச் சொல்லித் திரிந்தார், என்னத்தை ஆய்கிறாள் என்று யாரும் கேட்கும் வரைக்கும். திரும்பி வந்தவளுக்கு யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அந்த ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறைதான் லாப். கரவெட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது, பெண் என்ன வேலை என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டாவாம். சலம் பார்க்கிற வேலை என்று நமசிவாயம் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா கையில் எடுத்த பயற்றம் பணியாரத்தைத் திரும்பத் தட்டிலே வைத்துவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று எழும்பினாவாம். அது பங்குனி மாதம். மழைக்கும் பங்குனிக்கும் என்ன உறவு?

தொண்ணூறுக்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்கம்போல. நுணுக்குக்காட்டியின் அடியில் இருக்கிற கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி, சூரியன் தந்த வெளிச்சத்தில் குணலட்சுமி கிருமி பார்த்தாள். முகில் வந்தால் வேலை நின்றது. தட்டுகளைக் கிருமி நீக்குவதற்கு ஒரு பிறஷர் குக்கர், அடியில் சிரட்டை நெருப்பு. கிருமிக்குச் சாப்பாடு போட இறைச்சிச் சாறு வேண்டும் என்று, பிறந்தது முதல் மச்சம் தொடாத அந்தப் பெண் மாட்டிறைச்சியை வாங்கி வந்து அவித்து வடித்தாள். மணம் பிடித்து நகரத்து நாய்கள் எல்லாம் ஆஸ்பத்திரிப் படலையில் வந்து குந்தியிருந்தன. பின்னேரம் வீட்டுக்குப் போனால், கிணற்றடியில் முழுகிய பிறகுதான் தாய் அவளைக் குசினிக்குள் விட்டாள்.

சலத்துக்கென்றே வெளிநாட்டிலிருந்து ஒரு பொடி இடைக்கிடை வரும். அதைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி ஊற்றினால் தட்டு ஆயத்தம். அந்தப் பொடியில் உப்பு அறவே குறைவு. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். உப்பு இருந்தால் சில கிருமிகள் தட்டு முழுக்கப் படர்ந்து மற்றவற்றை மூடிவிடும். உப்புக் குறைந்தால் எல்லாம் ஒழுங்காகப் புள்ளியாய் இருந்துகொள்ளும். நல்ல ஏற்பாடு. சலத்தில் வழக்கமாய் வருகிற கிருமி எதுவும் உப்புக்கு அழுவதில்லை.

தொண்ணூற்று மூன்றில், சோளகக் காற்றுத் தொடங்கின காலத்தில், குருநகர் கனிசியஸ் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது, கரையில் ஏற்றி வைத்த வள்ளம் மாதிரியான உடம்பு. ஆழக்கடலுக்குப் போகத் தடை என்பதால், கரையோரத்தில் கழி நட்டுக் களங்கட்டி என்கிற அடைப்பு வலை வைத்து, நெஞ்சளவு தண்ணீரில் நின்று மீன் எடுக்கிறவர். முதலில் அவருக்குச் சலம் அடைத்தது. டொக்டர் சண்முகநாதன் குழாய் போட்டு, அது கிடக்கும்வரை கடல் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது என்று கண்டிப்பாய்ச் சொன்னார். கனிசியஸின் மனைவி மக்டலீன் அதற்கு மேலே ஒரு படி போனாள். அவள் சந்தையில் மீன் விற்கிறவள். அவளோடு விலை பேசித் தோற்காத ஆள் நகரத்தில் கிடையாது. புனித யாகப்பர் கோயிலில் போய் நேர்த்தி வைத்தாள்: குழாய் கழற்றும்வரை இந்த மனிசன் கடலிலே கால் நனைக்க மாட்டார், சுகப்பட்டால் திருநாளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவேன் என்று. யாகப்பரோடு அவள் பேசினதும் விலை பேசின மாதிரித்தான் இருந்திருக்கும்.

குழாயைக் கழற்றின கையோடு காய்ச்சல் வந்தது. சும்மா காய்ச்சல் இல்லை. கட்டிலை ஆட்டுகிற நடுக்கம், முதுகில் குத்து, சலத்தில் கலங்கல். குணலட்சுமி ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள். சீழ்க்கலங்கள் நல்லூர்த் தேர்முட்டிச் சனம்போல நெருக்கியடித்து நின்றன. நடுவிலே ஏதோ ஒன்றிரண்டு விலுக்கென்று ஓடி மறைந்தன. சரி, கிருமி இருக்கிறது, நாளைக்குத் தட்டிலே பிடிக்கலாம் என்று, பொடியில் செய்த தட்டில் கம்பியால் கோடு போட்டு வைத்தாள்.

மறுநாள் தட்டு கழுவிவைத்த கோப்பை மாதிரி இருந்தது. வளர்ச்சி இல்லை என்று எழுதி ஒப்பம் வைத்தாள். டொக்டர் அம்பிசிலின் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சல் அசையவில்லை. இரண்டாந்தரம் சலம் எடுத்தார்கள். இரண்டாந்தரமும் வெறுந்தட்டு. இரண்டாந்தரமும் அவளுடைய ஒப்பம்.

சீழ் இருக்கிறது, கிருமி முளைக்கவில்லை என்றால் டொக்டர்மாருக்கு வருகிற பயம் வேறு. சிறுநீரகத்தில் காசநோயாயிருக்கலாம், அல்லது உள்ளே எங்கேயோ கட்டி பழுத்திருக்கலாம். படம் பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மின்சாரமும் வேண்டும், மெசினும் வேண்டும். ஆகவே கொழும்பு. கொழும்பு என்றால் கிளாலி. இருட்டில் படகேறி, கடற்படையின் சூட்டுக்குத் தப்பி நீரேரியைக் கடக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் என்னென்ன நடந்தது என்று அப்போது குடாநாட்டில் குழந்தைக்கும் தெரியும். கடந்து போனாலும், குருநகர் மீனவன் என்று அடையாள அட்டையில் உள்ள ஆளை வவுனியாவில் ஆமிக்காரர் சும்மா விடுவார்களா என்ற கேள்வி பிறகு இருக்கிறது. டொக்டர் சண்முகநாதன் லேசில் அப்படிச் சொல்லுகிற ஆளில்லை. சொல்லிவிட்டு, அன்று முழுக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

குணலட்சுமிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணிலே பட்டது தட்டிலே ஏன் வரவில்லை? உள்ளதை இல்லை என்று எழுதிவிட்டேனோ? என்னுடைய வெறுந்தட்டைப் பிடித்துக்கொண்டு அந்த மனிசன் கிளாலிக்குப் போய்ச் சாகப் போகிறாரோ? இதைத்தான் அவள் சைக்கிளில் போகும்போதும் வரும்போதும் நினைத்தாள். ஒருநாள் தன்னுடைய வீட்டைத் தாண்டிக் கோப்பாய்ச் சந்திவரை போய்விட்டுத் திரும்பி வந்தாளாம்.

இந்த நேரம் பார்த்துச் சலத்துக்கான பொடி முடிந்தது. தட்டில் கூழ் உறைய வேறு வழி அவளுக்குத் தெரியும். குருநகர்ச் சனம் கஞ்சிக்குப் போடுகிற கடற்பாசி இருக்கிறதே, அதைக் காய்ச்சி வடித்தால் உறையும். வெளிநாட்டுப் பொடியிலும் உறைவது அதுதான், பெயர்தான் பெரிசு. முன்பும் இரண்டொருதரம் மக்டலீனிடம் பாசி வாங்கியிருக்கிறாள். வாங்கி, உரும்பிராய் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, வெயிலில் போட்டு, திரும்ப ஊறப்போட்டு, பாசி வெள்ளை நூலாகும்வரை விடமாட்டாள். உப்பின் வாசம்கூட இருக்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம்.

இந்தமுறை மக்டலீன் பாசியைக் கழுவிக் காயவைத்தே கொண்டுவந்தாள். புருசனுக்காக ஏதாவது செய்யாவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. "மிஸ்ஸி மினக்கெட வேண்டாம், எல்லாம் துப்புரவாக்கிப்போட்டன்" என்றாள். பார்த்தால் வெள்ளையாய்த்தான் இருந்தது. குணலட்சுமி அதை அப்படியே இறைச்சிச் சாற்றோடு காய்ச்சித் தட்டுகளில் ஊற்றினாள். ஒன்றில் கனிசியஸின் மூன்றாவது சலம். இன்னொன்றில் யாரோ ஒரு வாத்தியாரம்மாவின் சலம்.

மறுநாள் காலையில் சூட்டுப் பெட்டியைத் திறந்தவள் கையை உதறினாள். வாத்தியாரம்மாவின் தட்டில் வட்ட வட்டமாய் ஒழுங்கான புள்ளிகள். கனிசியஸின் தட்டிலே புள்ளியே இல்லை. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அலை அலையாய் ஏதோ படர்ந்து கிடந்தது, கரையில் அலை ஏறி இறங்கின அடையாளம் மாதிரி.

தட்டுக் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பாசியில் இருந்த ஏதோ ஒன்று கிளம்பிவிட்டது. ஊற்றிவிட்டு வேறு செய்வோம் என்று தட்டைக் கையில் எடுத்தும் விட்டாள். ஆனால் வாத்தியாரம்மாவின் தட்டும் அதே பாசிதானே, அது ஏன் கெடவில்லை? படருகிற கிருமி ஒன்று சலத்தில் வருவது உண்டு, அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதென்றால் முந்தின பொடித் தட்டுகளில் படராவிட்டாலும் முளைத்தாவது இருக்க வேண்டும். முளைக்கவில்லையே. படர்ந்ததில் கொஞ்சத்தை எடுத்துச் சாயம் போட்டு, யன்னல் வெயிலைப் பிடித்துப் பார்த்தாள். குச்சிகள்தான். ஆனால் நேரான குச்சிகள் இல்லை. கொஞ்சமாய் வளைந்து, கால்புள்ளி போட்ட மாதிரி இருந்தன.

கால்புள்ளி என்றதும் அவளுக்கு உள்ளங்கால் குளிர்ந்தது. படிக்கிற காலத்தில் கால்புள்ளிக்கு ஒரே ஒரு பெயர்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வாந்திபேதி. கொலரா. அகதிமுகாம்களும் நிரம்பின கிணறுகளுமாய் இருந்த குடாநாட்டில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னால் போதும், நோய் வருமுன்னே பயத்தில் பாதி ஊர் போய்விடும்.

தட்டைத் துணியால் மூடிக்கொண்டு டொக்டரிடம் போனாள். அவர் கதவைச் சாத்தினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். கொலராக் குடும்பத்திலே கடலில் வாழுகிற ஒன்றுவிட்ட சகோதரங்கள் இருக்கின்றன, சலத்தில் அவை வருவது மிக மிக அருமை, தான் புத்தகத்திலே ஒரு வரி படித்ததோடு சரி என்றார். ஆனால் பாசியும் கடலில் இருந்துதானே வந்தது. இந்தக் கிருமி மனிசனுடையதா, பாசியுடையதா? கனிசியஸுக்கு வாகனம் பேசியாயிற்று, நாளைப் பின்னேரம் கிளாலிக்குப் புறப்பாடு. சந்தேகத்தட்டு ஒன்றை நம்பி ஆளை மறித்து, உள்ளே கட்டியென்றால் இங்கேயே முடிந்துவிடும். மறிக்காமல் விட்டு, இதுதான் கிருமியென்றால் வீணாய்க் கடலில் தள்ளினதாகிவிடும்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ளை எனக்கொரு சொல்லுச் சொல்லு பிள்ளை" என்றார். "தெரியாதெண்டாலும் தெரியாதெண்டு சொல்லு."

வெளியே வந்தால் மக்டலீன் படலையடியில், நாய்களுக்கு நடுவே நின்றாள். பயணத்துக்குத் துணிமணி கட்டிவிட்டு வந்திருந்தாள். குணலட்சுமி மறைக்கத் தெரியாதவள், ஆனாலும் கிருமியைப் பற்றி மூச்சு விடவில்லை. பாசியை எப்படிக் கழுவினனீங்கள் அக்கா என்று மட்டும் கேட்டாள்.

"கஞ்சிக்குக் கழுவிற மாதிரித்தான் மிஸ்ஸி. எங்கடை கிணத்துத் தண்ணியிலை ரெண்டு அலசு. உப்பு முழுக்கப் போச்செண்டால் பிறகு அது கஞ்சியே? வாயிலை வைச்சுப் பாக்கேல்லையே நீங்கள்?"

அந்த அறையிலே எதையும் வாயில் வைக்கிற வழக்கம் இல்லை என்று குணலட்சுமி சொல்லவில்லை. குருநகர்க் கிணற்றுத் தண்ணீர் நல்ல உவர். உவர்த் தண்ணீரில் அலசி வெயிலில் காய்ந்த பாசியில் எவ்வளவு உப்பு நின்றிருக்கும் என்று அவள் மனதுக்குள் ஓடியது. பொடித் தட்டிலே உப்பில்லை. பாசித் தட்டிலே உப்பு. கடலிலே பிறந்த ஒன்றுக்கு உப்பில்லாமல் எப்படிப் பசிக்கும்? இத்தனை நாளும் தான் துரத்தித் துரத்திக் கழுவின உப்பு, இந்தப் பெண்ணின் கைமறதியில் திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் அதுவும் ஊகம்தான். ஊகத்தை வைத்து ஆளை மறிக்க முடியாது. மக்டலீனை அனுப்பிப் புதிதாய்ச் சலம் எடுப்பித்தாள். மூடி இறுகுகிற இரண்டு சின்னக் குழாய்ப்போத்தல்களில் வெறும் இறைச்சிச் சாறு ஊற்றினாள். பாசி மருந்துக்கும் கிடையாது. ஒன்றிலே கடை உப்பு அளந்து போட்டாள். மற்றதில் போடவில்லை. இரண்டையும் குக்கரில் அவித்து ஆற்றி, கம்பியைத் தீயிலே சிவக்கக் காய்ச்சி ஆறவைத்து, இரண்டிலும் அந்தச் சலத்தைத் தொட்டு வைத்தாள். இரண்டும் கலங்கினால் கொலராவாய் இருக்கக் கூடும், ஊருக்கே ஆபத்து. இரண்டும் தெளிந்திருந்தால் அலை அலையாய்ப் படர்ந்தது பாசியின் கூத்து, கனிசியஸ் கிளாலிக்குப் போக வேண்டியதுதான். உப்புப் போட்டது மட்டும் கலங்கினால்?

கிருமி வளர உடம்புச் சூடு வேண்டும். சூட்டுப் பெட்டிக்குள் வைக்கிற விளக்குக்கு அன்று ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லை. உடம்புச் சூடு வேண்டுமென்றால் உடம்பு இருக்கிறது என்று குணலட்சுமி இரண்டு குழாயையும் துணியிலே சுற்றி, வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் ஏறினாள். வயிற்றில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொலராவோ என்னவோ. பள்ளத்தைக் கண்டால் இறங்கி உருட்டினாள்.

பாதிவழியில் பொம்பர் விமானம் வந்தது. எல்லாரும் சைக்கிளைப் போட்டுவிட்டு வேலியோரத்துப் பங்கருக்குள் பாய்ந்தார்கள். குணலட்சுமி மட்டும் பாயவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு படியாய் இறங்கினாள். உள்ளே இருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள். ஒரு ஆச்சி தன்னுடைய சாக்கை மடித்து அவளுக்குக் கீழே வைத்தாள். மேலே விமானம் சுற்றுகிறது, மண் கொட்டுகிறது, ஆச்சி குணலட்சுமியின் காதுக்குள்ளே குனிந்து கேட்டாளாம்:

"எத்தினை மாசம் பிள்ளை?"

"நாளைக்குக் காலமை தெரியும் ஆச்சி."

ஆச்சி அதற்குப் பிறகு தேவாரத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கேள்வி. அன்று குண்டு எங்கோ தள்ளி விழுந்தது. இரவு குணலட்சுமி படுக்கவில்லை, தூணில் சாய்ந்தே இருந்தாள். நிமிர்ந்து இருந்தால் குழாய் நசியாது என்று பிறகு சொன்னாள். மகளுக்கு வயிற்றுக்குத்தோ என்று தாய் ஓமத் தண்ணீர் வைத்தாள். அதையும் குடித்தாள். குடிக்க மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

விடிந்ததும் கிணற்றடி வெளிச்சத்தில் அவிழ்த்துப் பார்த்தாள். உப்பில்லாத குழாய் வைத்தபடியே தெளிவாய் இருந்தது. உப்புப் போட்டது அரிசி கழுவின தண்ணீர்போலக் கலங்கியிருந்தது.

அவளுக்குச் சந்தோசம் வரவில்லை. சைக்கிளை மிதித்து டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவரும் இரவிரவாய்ப் புத்தகம் புரட்டின ஆள்தான், கண் சிவந்திருந்தது. இரண்டு குழாயையும் யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கொலரா இல்லை, அது உப்பில்லாமலும் வளரும், இது உப்பில்லாமல் வளராத கடற்சாதி என்றார். விப்ரியோ என்பது குடும்பப் பெயர், சொந்தப் பெயரை அடித்துச் சொல்ல எங்களிடம் சாமான் இல்லை, ஆனால் இந்தச் சாதி அம்பிசிலினுக்கு அசையாது, ரெட்ராசைக்கிளினுக்கு அடங்கும் என்று புத்தகம் சொல்லுகிறது என்றார். ரெட்ராசைக்கிளின் எந்த மருந்துக்கடையிலும் கிடந்தது.

"ஆனால் ஒண்டு உதைக்குது" என்றார் பிறகு. "கடலிலை இருக்கிறது உள்ளுக்குப் போக வழி வேணும். குழாயோடை கடலுக்கை இறங்கியிருந்தால்தான் எனக்கு இது நம்பக்கூடிய கதை. இறங்கேல்லையெண்டால் நான் ஆளை மறிக்க மாட்டன். நீ போய்க் கேள். நான் கேட்டால் பயத்திலை பொய் சொல்லுவார்."

குருநகரில் வாசலிலே, பின்னேரம் வர வேண்டிய வாகனம் முந்தியே வந்து நின்றது. கனிசியஸ் இடுப்புச் சாரத்துக்கு மேலே போர்வை சுற்றிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, பல்லுக் கிடுகிடுக்க இருந்தார். மக்டலீன் செபமாலையும் பாண் பொட்டலமுமாய் நின்றாள். குணலட்சுமி மூச்சு வாங்கினபடி அவருக்கு முன்னால் குந்தினாள்.

"கனிசியஸ் அண்ணை, குழாய் கிடக்கேக்கை நீங்கள் கடலுக்கை இறங்கினனீங்களோ?"

அவர் மனைவியைப் பார்த்தார். யாகப்பர் கோயில் பக்கத்தைப் பார்த்தார். "ஆண்டவராணை இறங்கேல்லை மிஸ்ஸி."

"அவர் ஏன் இறங்கிறார்" என்றாள் மக்டலீன். "நான் நேர்த்தியெல்லோ வைச்சிருக்கிறன்."

அப்போது குணலட்சுமிக்கு விளங்கிவிட்டது. டொக்டருக்குப் பயந்த பயமில்லை அது. நேர்த்தி முறிந்தது தெரிந்தால் மனைவி தாங்கமாட்டாள் என்று அந்த மனிசன் காய்ச்சலோடு கிளாலிக்குப் போகவும் ஆயத்தமாய் இருக்கிறார். சாரதி வெளியே நின்று, நேரமாகுது என்று சத்தம் வைத்தான். அவள் பையிலிருந்து இரண்டு குழாயையும் எடுத்து அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள்.

"ரெண்டிலையும் உங்கடை சலந்தான் அண்ணை விட்டது. இது உப்புப் போடாதது, தெளிஞ்சு கிடக்குது. இது உப்புப் போட்டது, பாருங்கோ. உங்கடை சலத்துக்குள்ளை கடல் இருக்குது. கடல் தானாய் எழும்பி நடந்து வந்து உங்கடை சலப்பைக்குள்ளை பூந்ததோ?"

கனிசியஸ் கலங்கின குழாயை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தன்னுடைய கடலை அந்த அளவில் அவர் கண்டதில்லை.

"இடுப்பளவு தண்ணிதான் மிஸ்ஸி" என்றார் கடைசியில்.

வலைக் கழி ஒன்று சரிந்துபோயிற்றாம். மற்றவன் நட்டால் நேராய் நிற்காதாம். குழாயின் நுனியை மடித்து நூலால் கட்டி, சாரத்துக்குள்ளே செருகிக்கொண்டு, மக்டலீன் சந்தைக்குப் போன நேரமாய்ப் பார்த்து இறங்கினாராம். ஒருநாள்தானா என்று குணலட்சுமி கேட்டாள். அவர் கழிகளின் எண்ணிக்கையைச் சொல்லத் தொடங்கினார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

மக்டலீன் ஒன்றும் பேசவில்லை. அது கனிசியஸுக்குப் பேச்சை விடப் பெரிய தண்டனை. பாண் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். போய் வாகனக்காரனிடம் இன்றைக்குப் பயணமில்லை என்று சொன்னாள். திரும்பி வந்து, புருசனைப் பார்க்காமல், குணலட்சுமியிடம் கேட்டாள்:

"இவர் போகாமல் இஞ்சையே சுகப்படுவாரோ? அதை மட்டும் சொல்லுங்கோ. யாகப்பரோடை நான் கதைச்சுக்கொள்ளுறன்."

குணலட்சுமி அதற்கு ஓம் என்று சொல்லவில்லை. மருந்து கேட்டால் சுகப்படுவார் என்றாள். அதற்கு மேலே அவளுக்கும் தெரியாது.

பிறகு வந்த நாட்கள்தான் அவளுக்குக் கொடிய நாட்கள். அன்றிரவு கிளாலியில் ஒன்றுமே நடக்கவில்லை, படகுகள் எல்லாம் சேமமாய்ப் போய்ச் சேர்ந்தன என்று மறுநாள் செய்தி வந்தது. கனிசியஸ் ஏறியிருந்தால் இந்நேரம் வவுனியா தாண்டியிருப்பார். ஏறவில்லை. அவளுடைய வயிற்றில் ஒருநாள் கிடந்த சாற்றை நம்பி ஏறவில்லை. மாத்திரை போட்ட முதல் நாள் காய்ச்சல் முந்தியதை விடக் கூடினது. டொக்டர் காலையிலும் மாலையிலும் குருநகருக்குச் சைக்கிளில் போய் வந்தார். குணலட்சுமி நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்தும் எதையும் பார்க்கவில்லை. படலையில் ஆள் அரவம் கேட்டால் எழும்பி நின்றாள். எழும்பி எழும்பி அந்த அறையின் சீமெந்து நிலத்திலே பள்ளம் விழுந்தது என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், போய்ப் பார்த்தால் தெரியும்.

அடுத்த காலையிலே படலையில் வந்து நின்றது மக்டலீன். தலையில் மீன்கடகம். சந்தைக்குப் போகிற வழி. அதைக் கண்டதுமே குணலட்சுமிக்குப் பாதி உயிர் வந்தது, ஏனென்றால் புருசன் சாகக்கிடந்தால் யாரும் மீன் விற்கப் போவதில்லை.

"விடிய வேர்த்து ஊத்திச்சுது மிஸ்ஸி" என்றாள். "இப்ப பசிக்குதெண்டு கத்திறார். நான் இன்னும் கதைக்கேல்லை."

யாகப்பர் திருநாளுக்கு மக்டலீன் சொன்னபடி கஞ்சி காய்ச்சினாள். முறிந்த நேர்த்திக்காக அண்டாவை ஒன்றுக்கு இரண்டாக்கியிருந்தாள். அது அவளும் யாகப்பரும் பேசி முடித்த விலை. மீன், நண்டு, இறால் போடமுன்னம் குணலட்சுமிக்கென்று ஒரு சட்டி மரக்கறிக் கஞ்சி தனியே எடுத்து வைத்திருந்தாள். அதில் பாசி மட்டும் நிறையக் கிடந்தது. கனிசியஸ் தூரத்திலே நின்று கஞ்சி குடிக்கப் பனையோலைப் பிளா மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடற்பக்கம் முதுகைக் காட்டித்தான் நின்றார், ஆனால் கழுத்து அடிக்கடி திரும்பிக் களங்கட்டிப் பக்கம் போய் வந்தது. குணலட்சுமி பிளாவை வாங்கி, கொஞ்சம் தயங்கி, ஒரு வாய் குடித்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"உப்புக் காணாது மக்டலீன் அக்கா" என்றாள்.

"மிஸ்ஸி வாறீங்களெண்டு நல்ல தண்ணியிலை கழுவினனான்" என்றாள் மக்டலீன்.